ராக் பாட்டை ஐரிஷில் எழுத டியாங்லன் போதுமா?

ஆங்கில ராக் பாட்டின் மெட்டுக்கே ஐரிஷில் வரி எழுத நினைப்பவருக்குத் துணை டியாங்லன். ஐரிஷ் மொழி வளர்ச்சி அமைப்பான ஃபோரஸ் நா கேல்கே நடத்தும் இணைய அகராதித் தளம் அது. காசு கிடையாது. த வால்த்ராஹாவின் ஆங்கிலம்–ஐரிஷ் அகராதி (1959), ஓ டோனிலின் ஐரிஷ்–ஆங்கில அகராதி (1977), இலக்கணம், உச்சரிப்பு எல்லாம் ஒரே தேடலில் வரும்.

பாட்டெழுத உட்கார்ந்தவருக்கு அதிகம் கைகொடுப்பது உச்சரிப்புப் பக்கம்தான். அயர்லாந்தின் கொனாக்ட், மன்ஸ்டர், அல்ஸ்டர் பகுதிகளின் மூன்று வட்டார வழக்கிலும் குரல் பதிவுகள் உண்டு. பெண்ணைக் குறிக்கும் 'காலீன்' சொல்லைத் தட்டுங்கள். கொனாக்டில் அழுத்தம் முதல் அசையில், மன்ஸ்டரில் இரண்டாவதில். மெட்டின் தாளம் இரண்டாம் அசையில் அடித்தால் கொனாக்ட் பாடகர் சறுக்குவார். அதனால் யார் பாடப்போகிறார் என்று கேட்டு, ஒரே வழக்கைப் பிடித்துக்கொண்டு முதல் வரியைத் தொடங்குங்கள்.

சில சொற்கள் தாமாகவே பொருந்தும். 'இன்றிரவு' என்பதற்கான 'அனொக்ட்' இரண்டாம் அசையில்தான் அழுந்தும், ஆங்கிலத்தின் டுநைட் போலவே. 'ஐ சீ யூ' (நான் உன்னைப் பார்க்கிறேன்) போன்ற வரியில் சிக்கல். ஐரிஷில் வினை முதலில் வரும், 'நான்' அதன் விகுதியிலேயே அடங்கிவிடும்: 'ஃபெகிம் ஹூ'. மூன்றுக்கு மூன்று அசை, ஆனால் அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடுகிறது. முன்னால் ஓர் 'இஸ்' ('மேலும்' என்னும் இணைப்புச் சொல்) சேர்த்தால் தாளம் சரியாக அமையும். நாட்டுப்பாடல்களில் வரிக்கு வரி வரும் சொல்தான் அது.

மோனையை நம்பி ஏமாறாதீர்கள். தமிழில் புணர்ச்சியில் வல்லினம் மிகும். ஐரிஷில் முதலெழுத்தே மெலியும். 'ப்ரோக்' (காலணி) என்பது, 'என்' என்னும் பொருள்தரும் 'மொ' சேர்ந்ததும் 'மொ வ்ரோக்' ஆகிவிடும். அகராதியில் கண்ட 'ப' வரியில் இருக்காது. பழைய ஐரிஷ் பாட்டுகள் பெரும்பாலும் உயிரொலி இயைபில்தான் நிற்கின்றன, அதைப் பிடியுங்கள்.

ஆங்கிலப் பாட்டில் 'ஆமாம்' என்று வரும் 'யே யே யே'வுக்கும் நேர்ச் சொல் இல்லை, ஐரிஷில் பொதுவான ஆம், இல்லை கிடையாது. ஒலியில் அருகே வருவது 'ஷா' ('அதுதான்').

டியாங்லனில் குறை இரண்டு. குரல் பதிவு தனிச்சொல்லுக்கு மட்டும். 'என்னிடம்' என்னும் 'அகம்' பேச்சில் 'ஆம்' என்று ஓரசையாகச் சுருங்குவதுபோல, வரிக்குள் சொற்கள் சுருங்குவதைக் காட்டாது. 1977 அகராதியில் இன்றைய பேச்சுச் சொற்களும் இல்லை. அவற்றுக்கு அதே அமைப்பின் ஃபொக்லோர் தளத்தைத் திறந்துகொள்ளுங்கள்.