காதுக்கு மட்டும் எது? பகடை உருட்டிக் கதை சொல்லும் மூன்று பாட்காஸ்ட்கள்

தாம்பரத்திற்கும் கடற்கரைக்கும் இடையே நாள்தோறும் இரு முறை புறநகர் ரயிலில் செல்லும் நான், அந்த நேரத்தை இரண்டு ஆண்டுகளாக ஒரே வகைப் பாட்காஸ்டுக்கு ஒதுக்கி வருகிறேன். நண்பர்கள் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ போன்ற விளையாட்டொன்றை ஆடுவார்கள். அந்த ஆட்டத்தின் பதிவே நிகழ்ச்சி. கதையை நடத்துபவர் சூழலை விவரிப்பார், மற்றவர்கள் தம் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள், அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். அடுத்த நொடி என்ன நடக்கும் என்பது சொல்பவருக்கும் தெரியாது என்பதே இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது.

இவற்றுள் பல, நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடுபவை. எல்லாவற்றையும் கேட்க ஒருவருக்கு ஆயுள் போதாது. அதிகம் பரிந்துரைக்கப்படும் ‘கிரிட்டிக்கல் ரோல்’, ‘தி அட்வென்ச்சர் ஸோன்’, ‘வேர்ல்ட்ஸ் பியாண்ட் நம்பர்’ ஆகிய மூன்றையும் கேட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாவதைத் தேர்ந்துகொண்டேன். புதிதாகக் கேட்க வருபவருக்கும் அதையே சொல்வேன்.

‘கிரிட்டிக்கல் ரோல்’ பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. 2015 மார்ச்சில் இணைய நேரலையாகத் தொடங்கி இந்த வகைக்கே முகவரி தந்த நிகழ்ச்சி அது. நான் இங்கே பேசும் முதல் இரண்டு தொடர்களிலும் மேத்யூ மெர்சர் கதையை நடத்த, அவருடன் ஆடியவர்கள் தொழில்முறைக் குரல் நடிகர்கள். முதல் தொடர் 115 அத்தியாயங்கள். 2018 முதல் 2021 வரை நடந்த இரண்டாவது தொடர் 141 அத்தியாயங்கள். அத்தியாயம் ஒன்று மூன்று மணி நேரத்துக்குக் குறைவது அரிது, நான்கைத் தாண்டுவதும் உண்டு. என் கணக்கில் ஓர் அத்தியாயத்துக்கு இரண்டு நாள் ரயில் பயணம் வேண்டும். முதல் தொடரின் கதை, அவர்கள் வீட்டில் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தின் நடுவிலிருந்து தொடங்குவதால், புதியவர்கள் இரண்டாவது தொடரிலிருந்து தொடங்குவதே நல்லது.

நீளம் எனக்குப் பெரிய தடையாக இல்லை. தடையாக இருந்தது வேறொன்று, அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்த நிகழ்ச்சி முதலில் காணொளி. பாட்காஸ்டாக நமக்குக் கிடைப்பது அதன் ஒலி மட்டுமே. சண்டை மூண்டால் மேசை மீது கட்டமிட்ட வரைபடம் விரியும், அதில் சிறு பொம்மைகள் நிற்கும், ஒரு கட்டம் ஐந்து அடி என்ற கணக்கில் ஒவ்வொருவரும் தம் பொம்மையை நகர்த்துவார்கள். ‘நான் இங்கே வந்து, அதோ அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது, ‘இங்கே’ என்பதும் ‘அதோ’ என்பதும் திரையைப் பார்ப்பவருக்குத்தான் பொருள்படும். சைதாப்பேட்டையில் கூட்டம் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து நிற்கும் எனக்கு, யார் யாருக்கு எத்தனை அடி தள்ளி நிற்கிறார், எவர் அடிபட்டார் என்பதெல்லாம் ஒரு மணி நேரமாக விளங்காமலே போயிருக்கிறது. மேசையில் எல்லோரும் ஏதோ ஒன்றைப் பார்த்துத் திடீரெனச் சிரிப்பார்கள்; என்ன பார்த்தார்கள் என்பது கடைசிவரை தெரியாது. மாலையில் வீட்டுக்கு வந்து அதே பகுதியைக் காணொளியாகப் பார்த்தபோது, நான் கேட்டதிலிருந்து முற்றிலும் வேறொரு சண்டை நடந்திருந்தது போலத் தோன்றியது.

இதற்கு மாறான ஓர் அனுபவத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. இரண்டாவது தொடரின் 26ஆம் அத்தியாயத்தில் முக்கியப் பாத்திரம் ஒன்று இறந்துபோகிறது. யார் என்பதைச் சொல்லிக் கேட்கப் போகிறவர்களின் அனுபவத்தைக் கெடுக்க விரும்பவில்லை. வரைபடம் எதுவும் கண்ணில் படாமலேயே அந்தக் காட்சி என்னை உலுக்கியது; இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். வாரம் இரு மாலைகள் திரைமுன் அமர நேரம் உள்ளவருக்குக் ‘கிரிட்டிக்கல் ரோல்’ ஈடற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை.

‘தி அட்வென்ச்சர் ஸோன்’ ஆரம்பம் முதலே காதுக்காக எடுக்கப்பட்டது. ஜஸ்டின், டிராவிஸ், கிரிஃபின் என்னும் மெக்எல்ராய் சகோதரர் மூவரும் அவர்களின் தந்தை கிளின்ட்டும் ஆடுகிறார்கள். 2014இல் தொடங்கி 2017 ஆகஸ்டில் முடிந்த ‘பேலன்ஸ்’ என்னும் முதல் தொடர் 69 அத்தியாயங்கள் கொண்டது. பெரும்பாலானவை ஒரு மணி நேரத்தை ஒட்டியவை என்பதால் ஒரு பயணத்துக்கு ஒன்று எனக் கச்சிதமாக அமையும். கடையில் விற்கும் ஆட்டத் தொகுப்பில் வரும் ஆயத்தக் கதையொன்றைக் கிண்டலும் கேலியுமாக ஆடத் தொடங்கியவர்கள், போகப் போகத் தமக்கே உரிய கதைக்குள் ஆழ்ந்துவிடுவதும், கதையை நடத்தும் கிரிஃபின் தாமே அமைத்த இசை அதற்கேற்பச் செழிப்பதும் கேட்க நிறைவாக இருக்கும்.

இரு குறைகள் உண்டு. தொடக்க அத்தியாயங்கள் சற்றுக் கரடுமுரடானவை. பத்து அத்தியாயங்களாவது பொறுத்துக் கேட்க வேண்டும். அடுத்தது, சகோதரர்களின் குரல்கள் ஒன்றுபோல ஒலிப்பது. ஆங்கிலத்தைப் படித்துக் கற்று, பிற்காலத்தில்தான் காதால் பழகிய என் போன்றவருக்கு, டிராவிஸ் ஏற்ற மேக்னஸ் பேசுகிறாரா, ஜஸ்டின் ஏற்ற டாக்கோ பேசுகிறாரா என்பதைப் பிரித்தறியவே முதல் இரண்டு வாரங்கள் போயின. ‘பேலன்ஸ்’ தவிர இவர்களின் பிற தொடர்களை நான் முழுமையாகக் கேட்கவில்லை. ஆகவே என் கருத்து அந்த ஒன்றைப் பற்றியது மட்டுமே.

‘வேர்ல்ட்ஸ் பியாண்ட் நம்பர்’ 2023இல் வெளிவரத் தொடங்கியது. பிரென்னன் லீ மல்லிகன் கதையை நடத்த, ஆப்ரியா ஐயங்கார், எரிக்கா இஷி, லூ வில்சன் ஆகிய மூவர் ஆடுகிறார்கள். நால்வர் குரலும் தனித்தனியானவை. ஐந்தாவது நிமிடத்தில் யார் எவர் என்பது மனத்தில் பதிந்துவிடும். உமோரா என்னும் உலகில், மந்திரவாதி சூவி, சூனியக்காரி ஏமி, ஆவியுலகிலிருந்து வந்த யூர்சலன் ஆகிய மூவரின் நட்பே முதற்கதை. சிறு வயதில் ஒரு கிழவியின் குடிலில் ஒன்றாக இருந்தவர்கள், வளர்ந்தபின் மீண்டும் சந்திக்கிறார்கள்.

இதைத் தேர்ந்ததற்குக் காரணம் இதன் தொகுப்பு. பகடை உருளுகிறது, வெற்றி தோல்வி அதன்படியே அமைகிறது. ஆயினும் விதிப் புத்தகத்தைப் புரட்டும் நேரமும் கூட்டல் கழித்தலும் கேட்பவரின் காதுக்கு வருவது குறைவு. தொடக்க அத்தியாயங்களுக்கு டெய்லர் மூர் அமைத்த ஒலி, இடத்தைச் சொல்லிவிடுகிறது: காட்டிலிருந்து ஓர் அறைக்குள் கதை நுழைந்தால், யாரும் அறிவிப்பதற்கு முன்பே என் காது அதை உணர்ந்துகொள்கிறது. சண்டைகள் அரிதாகவே வருகின்றன. வரும்போது, பாத்திரங்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாலேயே காட்டிவிடுகிறார்கள். திருமண வீடுகளின் ஒலிபெருக்கியில் திரைப்படக் கதைவசனத்தை முழுதாகக் கேட்டு, படத்தைப் பாராமலே காட்சிகளை மனத்தில் ஓட்டிப் பழகிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அந்தப் பழக்கம் இங்கே அப்படியே கைகொடுத்தது.

ஓர் இரவு துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டேன். ஏமி தன் ஆசானான கிழவியைப் பற்றிப் பேசும் காட்சியில், இசை அடங்கி, பேசுபவரின் மூச்சு மட்டும் சில நொடிகள் கேட்டது. சட்டையின் மேல் பெட்டியை வைத்தபடியே நின்றுவிட்டேன். காலர் ஓரம் பழுப்பேறிய அந்தச் சட்டை இன்னும் அலமாரியில் இருக்கிறது.

குறையும் உண்டு. கதை மெதுவாக நகர்கிறது. முடிவைத் தெரிந்துகொள்ளும் அவசரம் உள்ளவருக்கு, முற்றுப்பெற்ற ‘பேலன்ஸ்’தான் ஏற்றது. மேலும், மூவரின் பிள்ளைப் பருவத்தைச் சொல்லும் முன்கதை, பேட்ரியான் வழியாகப் பணம் செலுத்தும் ஆதரவாளர்களுக்கென வெளியிடப்பட்டது. நான் முதன்மைக் கதையைப் பாதி கேட்ட பிறகே முன்கதைக்குப் போனேன். கதை புரிவதில் இடரேதும் இல்லை, ஆனால் குடிலையும் கிழவியையும் முதலில் அறிந்திருந்தால் ஏமியின் துயரம் எனக்கு இன்னும் முன்பே எட்டியிருக்கும். பணம் செலவிட முடிந்தவர்கள் முன்கதையிலிருந்தே தொடங்கலாம்.

ஆஸ்டின் வாக்கர் நடத்தும் ‘ஃபிரெண்ட்ஸ் அட் தி டேபிள்’ நிகழ்ச்சியையும் பலர் எனக்குப் பரிந்துரைத்தார்கள். அதில் ‘கவுன்ட்டர்/வெயிட்’ என்னும் தொடரின் முதற்சில அத்தியாயங்களை மட்டுமே கேட்டிருக்கிறேன். உலகத்தைக் கட்டியெழுப்பும் முறை கூர்மையாக இருக்கிறது. முழுத் தொடரையும் கேட்டு முடிக்காமல் அதை இந்த மூன்றோடு ஒப்பிடுவது முறையாகாது; அடுத்த மாதப் பயணங்களை அதற்கென ஒதுக்கியிருக்கிறேன்.