எடின்பரோவா, விக்டவுனா, ஸ்டர்லிங்கா: ஸ்காட்லாந்தின் புத்தக விழாக்களில் எதற்குப் போவது?

ஸ்காட்லாந்தில் ‘புத்தக விழா’ என்றால் வரிசையாகக் கடைகள் இருக்கும், தள்ளுபடி விலையில் பை நிறைய வாங்கி வரலாம் என்று நினைத்துப் போகிறவர் ஏமாந்துபோவார். அங்கே முதன்மையானது பேச்சு. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அரங்கில் உட்கார வேண்டும். எழுத்தாளரும் நெறியாளரும் ஏறக்குறைய முக்கால் மணி நேரம் உரையாடுவார்கள், கடைசிக் கால் மணி நேரம் கேள்விகளுக்கு, அதன்பின் புத்தகக் கடையில் கையெழுத்து வரிசை. பெரிய விழாவோ சின்ன விழாவோ, அமைப்பு இதுதான். பேச வருகிறவர்களும் பல நேரம் அதே ஆட்கள்தான். கோடையில் குற்ற நாவல் வெளியிட்ட ஒருவர் ஆகஸ்டில் எடின்பரோவிலும், செப்டம்பர் நடுவில் ஸ்டர்லிங்கிலும், மாதக் கடைசியில் விக்டவுனிலும் மேடையேறுவது வழக்கம். அதனால் யார் வருகிறார் என்பதை மட்டும் பார்த்து விழாவைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. அந்த எழுத்தாளர் வாசகருக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம் கிடைப்பார் என்பதில்தான் இந்த விழாக்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுகின்றன.

எடின்பரோ சர்வதேசப் புத்தக விழா 1983-இல் தொடங்கியது. முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, 1997 முதல் ஆண்டுதோறும். நெடுங்காலம் அது சார்லட் சதுக்கத் தோட்டத்தில் கூடாரங்களுக்குள் நடந்தது. மழை பெய்தால் கூடாரத் துணியில் விழும் சத்தத்தோடு போட்டி போட்டுக் கவிதை வாசிக்க வேண்டும், புல்வெளி சேறாகும், பலகை நடைபாதையை விட்டு இறங்க முடியாது. 2019 விழாதான் அங்கே கடைசி. 2020-இல் இணையத்தில் மட்டும். அடுத்த 3 ஆண்டுகள் எடின்பரோ கலைக் கல்லூரி வளாகம். 2024 முதல் லாரிஸ்டன் பிளேஸில் பழைய ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனைக் கட்டடத்தில், இப்போதைய எடின்பரோ ஃபியூச்சர்ஸ் இன்ஸ்டிட்யூட்டில் நடக்கிறது. பெரிய எழுத்தாளர்களின் நிகழ்வுகள் பக்கத்தில் உள்ள மெக்யூவன் மண்டபத்தில்.

அந்த மண்டபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1962 ஆகஸ்டில் பதிப்பாளர் ஜான் கால்டர் முன்னின்று கூட்டிய எழுத்தாளர் மாநாடு அங்கேதான் நடந்தது. நார்மன் மெய்லர், ஹென்றி மில்லர், வில்லியம் பரோஸ், மேரி மெக்கார்த்தி, மியூரியல் ஸ்பார்க் எல்லோரும் வந்திருந்தார்கள். ஸ்காட்ஸ் மொழிக்காக வாழ்நாளெல்லாம் போராடிய கவிஞர் ஹியூ மெக்டியர்மிட்டும், ஊர் எல்லையே வேண்டாம் என்ற நாவலாசிரியர் அலெக்சாண்டர் ட்ரோக்கியும் பார்வையாளர் முன்னால் கடுமையாக மோதிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்து எழுத்து உள்ளூரைப் பார்க்க வேண்டுமா, உலகைப் பார்க்க வேண்டுமா என்ற அந்த வழக்கு இன்னும் தீரவில்லை; இந்த விழாக்களின் நிகழ்ச்சி நிரல்களிலேயே அதைப் பார்க்கலாம். எடின்பரோ உலகத்தின் பக்கம். மொழிபெயர்ப்பில் வரும் எழுத்தாளர்கள், அரசியல் சிந்தனையாளர்கள், விஞ்ஞானிகள் என்று ஒரே வாரத்தில் இத்தனை பேரைக் கேட்க இந்த நாட்டில் வேறு இடம் இல்லை.

இந்த விழாவின் இன்னொரு நல்ல பழக்கம், மேடையேறும் எழுத்தாளர் எல்லோருக்கும் ஒரே ஊதியம். நோபல் பரிசு பெற்றவருக்கும் முதல் கவிதைத் தொகுப்பு போட்டவருக்கும் ஒன்றுதான். இலக்கிய உலகில் இது அரிது. இதைச் செய்கிற விழா என்பதற்காகவே எடின்பரோவின் மீது மதிப்புக் கூடுகிறது.

சிக்கல் எங்கே என்றால், ஆகஸ்டில்தான் ஃப்ரிஞ்ச் என்ற பெரிய நாடக, நகைச்சுவை விழா உள்பட எடின்பரோவின் மற்ற விழாக்களும் நடக்கின்றன. ஊர் முழுக்க அறை வாடகை ஏறிவிடும். புத்தக விழாவின் நிரல் கோடைத் தொடக்கத்தில் வெளிவந்த பிறகு அறை தேடுவது தாமதம். தேதிகள் அதற்கு வெகுமுன்பே அறிவிக்கப்படும், அப்போதே பதிவு செய்துவிட வேண்டும். இல்லையென்றால் லின்லித்கோ, ஃபால்கர்க், கர்க்கால்டி போன்ற ஊர்களில் தங்கி ரயிலில் வந்து போகலாம். லின்லித்கோவிலிருந்து சுமார் 20 நிமிடம்தான். வேவர்லி நிலையத்திலிருந்து லாரிஸ்டன் பிளேஸுக்கு 20 நிமிட நடை, பெரும்பகுதி ஏற்றம்.

புதிதாகப் போகிறவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, அடுத்தடுத்த மணிகளுக்குச் சீட்டு வாங்கிவிடுவது. 10 மணி நிகழ்வு 11-க்கு முடியும். புகழ்பெற்ற குற்ற நாவலாசிரியர் இயன் ரேன்கின் போன்ற ஒருவரின் கையெழுத்து வரிசையில் நின்றால் 45 நிமிடம் எளிதாகப் போய்விடும், 11.15 நிகழ்வு கைவிட்டுப் போகும். கையெழுத்து வேண்டுமென்றால் ஒரு நிகழ்வு முடிந்து அடுத்தது தொடங்க ஒன்றரை மணி நேர இடைவெளி விடுங்கள். ஒரு நாளைக்கு 3 நிகழ்வு போதும், நான்காவதில் மனம் ஒட்டாது. சீட்டு வாங்குமுன் நெறியாளர் யார் என்றும் பாருங்கள். புத்தகத்தை முழுதாகப் படித்துவிட்டு வரும் நெறியாளர் அமைந்தால் சுமாரான பேச்சாளரும் பேசிவிடுவார். அது அமையாவிட்டால் எவ்வளவு பெரிய பெயரும் விளம்பர வாசகங்களைத்தான் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

விக்டவுன் இதற்கு நேர் எதிர்த் துருவம். தென்மேற்கு மூலையில், கேலவே பகுதியில், 1,000 பேர்கூட இல்லாத ஊர். பால் பண்ணை ஆலையும் பிளாட்னாக் விஸ்கி வடிசாலையும் மூடப்பட்டு ஊர் நொடிந்துகிடந்த காலத்தில், வேல்ஸில் ஹே-ஆன்-வை என்ற ஊர் பழைய புத்தகக் கடைகளால் பிழைத்ததைப் பார்த்து ஸ்காட்லாந்திலும் அப்படி ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கப் போட்டி நடந்தது. விக்டவுன் வென்று 1998-இல் நாட்டின் தேசியப் புத்தக ஊர் ஆனது. அடுத்த ஆண்டே விழா தொடங்கியது. இன்று செப்டம்பர் கடைசியில் தொடங்கி 10 நாள், 200-க்கும் மேற்பட்ட நிகழ்வுகள். ஊரில் பத்துக்கும் மேற்பட்ட புத்தகக் கடைகள் இருக்கின்றன. ஷான் பைதெல் நடத்தும் ‘தி புக்‌ஷாப்’ ஸ்காட்லாந்தின் மிகப் பெரிய பழைய புத்தகக் கடைகளில் ஒன்று. விழாக் காலத்தில் அதன் மாடியில்தான் எழுத்தாளர்களுக்குச் சாப்பாடும் ஓய்வும்.

இங்கே கணக்கு முற்றிலும் மாறுகிறது. எடின்பரோவில் எழுத்தாளர் மேடையிலிருந்து கையெழுத்து மேசைக்கு, அங்கிருந்து அவர்களுக்கான தனி அறைக்குப் போய்விடுவார். விக்டவுனில் அவருக்கு மறைந்துகொள்ள இடமில்லை. ஒரே சதுக்கம், ஒன்றிரண்டு விடுதிகள், நாலைந்து தேநீர்க் கடைகள். காலையில் பேசியவர் மாலையில் உங்களுக்குப் பக்கத்து அலமாரியில் பழைய பெங்குவின் பதிப்புகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். எழுத்தாளரோடு பேச வேண்டும் என்பது ஒருவருடைய நோக்கமானால், ஸ்காட்லாந்தில் விக்டவுனை விஞ்ச எந்த விழாவும் இல்லை.

போய்ச் சேருவதுதான் பாடு. ரயில் நிலையம் கிடையாது. டம்ஃப்ரீஸ் வரை ரயில், அங்கிருந்து 500-ஆம் எண் பேருந்தில் நியூட்டன் ஸ்டூவர்ட், பிறகு 415-ஆம் எண்ணில் விக்டவுன். இரண்டு பேருந்தும் ஒத்துவராவிட்டால் நியூட்டன் ஸ்டூவர்ட்டில் வெகுநேரம் காத்திருக்க நேரும். ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகள் குறைவு, கால அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பக்கூடாது. காரில் வந்தால் எடின்பரோவிலிருந்து 3 மணி நேரம். ஏ75 சாலையில் கெய்ர்ன்ரையன் படகுத்துறைக்குப் போகும் லாரிகள் தொடர்ந்து வரும், முந்துவதற்கு இடம் குறைவு. இரவு நிகழ்வு முடிந்து அந்தச் சாலையில் ஓட்டுவதைத் தவிர்ப்பது நல்லது. ஊருக்குள் அறைகள் மிகக் குறைவு. நியூட்டன் ஸ்டூவர்ட்டிலோ விட்ஹார்ன் பக்கமோ தேட வேண்டிவரும். ‘தி ஓப்பன் புக்’ என்ற கடையை வாடகைக்கு எடுத்து, மாடியில் தங்கி, ஒரு வாரம் நீங்களே நடத்தலாம். ஆனால் அதை விழா வாரத்துக்கு எதிர்பார்க்க வேண்டாம். சாதாரண வாரங்களுக்கே நீண்ட காத்திருப்பு உண்டு. ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்றும் எண்ண வேண்டாம். இரண்டு இரவாவது தங்கினால்தான் அந்த ஊரின் நடை பிடிபடும். அந்த நாட்களில் ஐஸ்லாந்திலிருந்து வாத்துக் கூட்டங்கள் விக்டவுன் விரிகுடாவில் வந்திறங்கத் தொடங்கும். நிகழ்வுகளுக்கு இடையில் அதைப் பார்க்க ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

மொழி விஷயத்திலும் விக்டவுன் முன்னே நிற்கிறது. அதன் கவிதைப் பரிசில் ஸ்காட்லாந்தின் சொந்த மொழிகளான ஸ்காட்ஸ், கேலிக் இரண்டுக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. கேலிக்கை இன்னும் ஆழமாகக் கேட்க விரும்புகிறவர் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில், அன் லன்டர் கலை மையத்தில் நடக்கும் ‘ஃபக்லன்’ விழாவைப் பார்க்கலாம். உல்லாப்பூலிலிருந்து படகு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். இலையுதிர்காலப் புயலில் படகு ரத்தாவது சகஜம், திரும்பும் பயணத்தில் ஒரு நாள் உபரி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஸ்டர்லிங்கில் செப்டம்பரில் ஒரு வார இறுதி மட்டும் நடக்கும் ‘பிளடி ஸ்காட்லாந்து’. குற்றப் புனைவுக்கென்றே உள்ள விழா. அலெக்ஸ் கிரே, லின் ஆண்டர்சன் என்ற இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து தொடங்கி, 2012-இல் முதல் விழா நடந்தது. எழுத்தாளர்களே எழுத்தாளர்களுக்காகக் கட்டியது என்பது ஒவ்வொரு விவரத்திலும் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை, சிறந்த ஸ்காட்லாந்துக் குற்ற நாவலுக்கான மெக்கில்வனி பரிசு. கிளாஸ்கோவின் குற்ற நாவலுக்கு வழிகாட்டிய வில்லியம் மெக்கில்வனி 2015-இல் இறந்தபின் பரிசுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2018-இல் அதை வென்றவர் அவருடைய மகன் லியம் மெக்கில்வனி. பரிசு மாலையில் எழுத்தாளர்களும் வாசகர்களும் தீப்பந்தம் ஏந்திக் கோட்டையிலிருந்து ஊருக்குள் இறங்கிவருவார்கள். கருங்கல் பாவிய சரிவுப் பாதை. மழையில் வழுக்கும், நல்ல காலணி வேண்டும்.

எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு மூன்றில் ஸ்டர்லிங்தான் முதலிடம். காரணம் இரண்டு ஏற்பாடுகள். ஒன்று, பெரிய பெயரின் நிகழ்வு தொடங்குமுன் புதிய எழுத்தாளர் ஒருவர் சில நிமிடங்கள் தன் நாவலிலிருந்து வாசிப்பது. தன் பெயருக்கு 20 பேர்கூட வராத ஒருவர் நிறைந்த அரங்கின் முன் நிற்கிறார். பிறரைக் கேட்க வந்த கூட்டம் கையில் கிடைக்கிறது. மற்ற விழாக்களும் இதைப் பின்பற்ற வேண்டும். இரண்டாவது ‘பிட்ச் பெர்ஃபெக்ட்’: இன்னும் வெளிவராத நாவலின் சாரத்தை 100 சொற்களில் அனுப்பினால், தேர்வானவர்கள் இலக்கிய முகவர்களும் பதிப்பாளர்களும் அமர்ந்த குழுவின் முன் பேசலாம். 2015-இல் இதை வென்ற மேட் வெசலாவ்ஸ்கி இன்று பல நாவல்கள் எழுதியவர். அனுப்புகிறவர்களில் பலர் கதையை முழுக்கச் சுருக்கிச் சொல்லித் தோற்கிறார்கள். 100 சொல்லில் கதை அடங்காது. யார், எந்த இக்கட்டில், ஏன் இப்போது தப்ப முடியாது என்ற மூன்றும் அடங்கினால் போதும்.

வருகிறவர்களும் பழகுவதற்கு இனியவர்கள். வால் மெக்டெர்மிட், கிறிஸ் புரூக்மயர், டக் ஜான்ஸ்டன் முதலியோர் சேர்ந்து ‘ஃபன் லவின் கிரைம் ரைட்டர்ஸ்’ என்ற இசைக்குழுவே வைத்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எழுத்தாளர்களிடையே கால்பந்துப் போட்டியும் நடக்கும். 1920-களின் கல்கத்தாவில் துப்பறியும் கதைகள் எழுதும் அபிர் முகர்ஜியை இந்தியாவிலிருந்து போகிறவர்கள் தேடிப் பார்க்கலாம். ஸ்டர்லிங் எடின்பரோவிலிருந்தும் கிளாஸ்கோவிலிருந்தும் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள். விழா நடக்கும் ஆல்பர்ட் மண்டபம் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம். ஆனால் இரவு நிகழ்ச்சி முடிவதற்கும் கடைசி ரயிலுக்கும் இடைவெளி குறைவு. சனி இரவு மட்டுமாவது அங்கே தங்குங்கள், நல்ல பேச்செல்லாம் அரங்கு மூடிய பிறகுதான் தொடங்கும். குறை என்றால், குற்றப் புனைவு பிடிக்காதவருக்கு இங்கே ஒன்றுமே இல்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே இரண்டு விழாக்களைச் சொல்லாமல் விட முடியாது. கவிதை மட்டுமே போதும் என்பவருக்கு செயின்ட் ஆண்ட்ரூஸில் மார்ச் மாதம் நடக்கும் ‘ஸ்டான்ஸா’. 1998-இல் தொடங்கியது, பயர் நாடக அரங்கு அதன் மையம். லூகர்ஸ் நிலையத்தில் இறங்கி 10 நிமிடம் பேருந்து. வரலாற்று நாவல் வாசகருக்கு ஜூனில் மெல்ரோஸ் பகுதியில் நடக்கும் பார்டர்ஸ் புத்தக விழா. நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் பெயரில் வரலாற்று நாவலுக்குத் தரும் பரிசு அங்கேதான் அறிவிக்கப்படுகிறது: 25,000 பவுண்டு, 2010-இல் முதலில் வென்றவர் ஹிலரி மான்டல். கதையின் பெரும்பகுதி 60 ஆண்டுகளுக்கு முன்பாவது நடந்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த 60 ஸ்காட்டின் முதல் நாவலின் துணைத்தலைப்பிலிருந்தே எடுத்தது. அவர் கட்டிய ஆபட்ஸ்ஃபோர்ட் மாளிகை பக்கத்திலேயே இருக்கிறது. எடின்பரோவிலிருந்து ட்வீட்பேங்க் வரை ரயில் உண்டு.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் இப்போது முக்கியமாகிவிட்டது. பெய்லி கிஃபோர்ட் முதலீட்டு நிறுவனம் எடின்பரோவுக்குப் பல ஆண்டுகள் புரவலராக இருந்தது. புதைபடிவ எரிபொருள் நிறுவனங்களில் அதன் முதலீட்டைச் சுட்டிக்காட்டி 2023-இல் காலநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க் தன் நிகழ்விலிருந்து விலகினார். 2024-இல் எழுத்தாளர்களின் எதிர்ப்பு வலுத்து மே மாதக் கடைசியில் எடின்பரோவுடனான உறவு முடிந்தது. தொடர்ந்து பார்டர்ஸ், விக்டவுன் உள்ளிட்ட விழாக்களிலும். அதே ஆண்டு கிளாஸ்கோவின் புத்தக விழாவான ‘அய் ரைட்’, அரசு நிதி கிடைக்காமல் ரத்தானது. எழுத்தாளர்களின் கேள்வி நியாயமானதுதான். அந்தப் பணத்தில் கணிசமான பகுதி குழந்தைகளுக்கும் பள்ளிகளுக்கும் நடந்த நிகழ்வுகளுக்குப் போனது என்பதும் உண்மை, அந்த இடத்தை யாராவது நிரப்பியாக வேண்டும். சீட்டு விலையோடு சிறு நன்கொடை கேட்கும் பெட்டி இணையதளத்தில் வந்தால் கடந்து போய்விடாதீர்கள். புத்தகத்தையும் ஊரிலிருந்து சுமந்து போகாமல் விழாக் கடையிலேயே வாங்குங்கள்.  அங்கே வாங்குவதும் விழாவுக்கு ஓர் ஆதரவுதான்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால், எழுதுகிறவர் ஸ்டர்லிங்குக்குப் போகட்டும், வாசிக்கிறவர் விக்டவுனுக்கு. எடின்பரோவின் சில நிகழ்வுகளை வீட்டிலிருந்தே இணைய நேரலையில் பார்க்கலாம். விக்டவுனுக்குப் போகிறவர் ஒரு காலிப் பையை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.