மாதிரிப் பந்தயப் படகுக்கு எந்த இன்ஜின் மவுண்டிங்? மண்டபம் கரையிலிருந்து ஓர் ஒப்பீடு

26 சிசி பெட்ரோல் இன்ஜின் பூட்டிய மாதிரிப் படகைக் கரையில் தாங்கியின் மேல் வைத்து, சிலிண்டருக்குக் குளிர்நீர் கொடுத்தபடி சில நொடிகள் மட்டும் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். இன்ஜின் நேரடியாக அடித்தளத்தில் முடுக்கப்பட்டிருந்தால், டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ஒளிபுகும் குழாயில் எரிபொருளோடு சேர்ந்து பொடிப்பொடியான குமிழிகள் ஓடுவதைக் காணலாம். டேங்கு அதிர்ந்து எரிபொருள் நுரைத்துவிட்டது என்பதே அதன் பொருள். நுரையை உறிஞ்சும் கார்புரேட்டர் இன்ஜினுக்குத் தேவையான பெட்ரோலைக் கொடுக்க முடியாமல் தவிக்கிறது. கலவை மெலிந்து சிலிண்டர் சூடேறுகிறது. கார்புரேட்டரின் கலவை ஊசியைத் திருப்பித் திருப்பி அலுத்துப்போகிறவர்கள் பலர் உண்மையில் பார்க்க வேண்டிய இடம் இன்ஜினுக்கு அடியில், அதைப் படகோடு பிணைக்கும் மவுண்டிங்கில் இருக்கிறது.

இந்த வகை இன்ஜின்களில் பெயர்பெற்ற ஜெனோவா ஜி260-ஐ எடுத்துக்கொண்டால், 34 மி.மீ. விட்டமும் 28 மி.மீ. வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர் அது. பிஸ்டனின் ஓட்டத்தைச் சமன்செய்ய இன்னொரு பிஸ்டன் இல்லாததால், நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும்போது நொடிக்கு 200 முறை அந்த உதறல் மெல்லிய ஃபைபர் உடலுக்குள் இறங்குகிறது. அதைத் தடுக்க நம் கைக்கு எட்டும் வழிகள் நான்கு: ரப்பரே இல்லாத நேரடிப் பொருத்தம், இருபுறமும் திருகுள்ள பாபின் மவுண்டிங், பி.யூ. (பாலியூரிதேன்) புஷ், ரப்பர் புஷ்ஷின் ஊடே போல்ட் போகும் அமைப்பு. நான்கையும் நான் இதே கரையில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

நேரடிப் பொருத்தத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இன்ஜின் இம்மியும் அசையாது. இன்ஜினும் புரொப்பல்லர் சாஃப்ட்டும் நேராக நிற்கும் சாஃப்ட் கோடு மாறாது. ஆக்ஸிலேட்டர் கம்பி எப்போதும் ஒரே அளவில் நிற்கும். ஆனால் மரச் சட்டத்தை ஃபைபரோடு ஒட்டிய இடத்தில் நாளடைவில் வெடிப்பு விழுகிறது, ரேடியோ ரிசீவரின் இணைப்புகள் தளர்கின்றன, நுரைத் தொல்லையும் தீர்வதில்லை. ஊருணியில் ஓரிரு சுற்று ஓட்டிவிட்டு எடுத்துவைப்பவருக்கு அது போதும்.

பாபின் என்பது ரப்பர் உருளை ஒன்றின் இரு முனைகளிலும் இரும்புத் தகடும் திருகும் ஒட்டப்பட்டது. ஜெனரேட்டருக்கும் கம்ப்ரசருக்கும் போடுவது என்பதால் எளிதில் கிடைக்கும். அதிர்வையும் நன்றாகவே தடுக்கும். நன்னீரில் ஓடிய வரை எனக்கு அதில் குறையே தெரியவில்லை. வாடைக் காலத்தில் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) ஓட்டியபோதுதான் அதன் பலவீனம் வெளிப்பட்டது. அந்த மாதங்களில் இந்தப் பக்கம் குட்டையான, நெருக்கமான அலைகள் எழுகின்றன. படகு துள்ளும்போது புரொப்பல்லர் நீரை விட்டு வெளியே வந்து சுமையின்றிச் சுற்றுகிறது. மறுகணம் நீரைக் கடித்து முழுச் சுமையையும் ஏற்கிறது. ஒவ்வொரு முறையும் இன்ஜின் ஒரு பக்கமாகத் திமிறுவதால், அமுக்கத்தைத் தாங்க வேண்டிய ரப்பர் இழுப்பையும் முறுக்கையும் தாங்க நேர்கிறது.

ஒரு நாள் படகு சத்தம் மாறித் திரும்பியது. மூடியைத் திறந்தால், பின்பக்கத்துப் பாபின்கள் இரண்டும் பிரிந்து இன்ஜின் சாய்ந்து கிடந்தது. பிரிந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தேன்: ரப்பர் கிழியவில்லை. தகட்டின் விளிம்பிலிருந்து பழுப்புத் துரு ரப்பருக்கு அடியிலேயே வளையமாக ஊர்ந்து நடுவரை போயிருந்தது. மீதமிருந்த இரண்டு பாபின்களிலும் அந்த விளிம்புக்குள் நகம் நுழைந்தது. ரப்பர் நன்றாக இருக்க, ஒட்டு மட்டும் உப்பில் செத்துவிட்டது. சாய்ந்த இன்ஜின், புரொப்பல்லரைச் சுற்றும் வளையக்கூடிய கம்பிக்கயிறான வளைசாஃப்ட்டை இழுத்துத் தேய்த்ததில் அதன் பித்தளைக் குழாயும் வீணாயிற்று. பாம்பனில் வள்ளங்களுக்கு இன்ஜின் வேலை பார்க்கும் பெரியவரிடம் அதைக் காட்டியபோது அவர் சொன்னது இதுதான்: "ரப்பர் போனாலும் இன்ஜின் போகக் கூடாது தம்பி. போல்ட்டு ஊடால போயிருக்கணும்."

அடுத்து, உறுதியானது என்று நம்பி பி.யூ. புஷ்ஷுக்கு மாறினேன். எண்ணெய்க்கு அசையாது, எளிதில் தேயாது. ஆனால் அதிர்வு முன்பைவிடக் கூடியது! இதற்கான காரணத்தைக் கணக்கிட்டே அறியலாம். இன்ஜினின் எடைக்கு மவுண்டிங் எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறதோ, அந்த அளவின் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அந்த அமைப்பின் இயல்பான அதிர்வெண் (தட்டிவிட்டால் தானாக அதிரும் வேகம்) ஹெர்ட்சில், அதாவது நொடிக்கு எத்தனை முறை என்று, கிடைக்கும். அதைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு வேகத்தைத் தாண்டிய பிறகே எந்த மவுண்டிங்கும் அதிர்வைத் தடுக்கத் தொடங்குகிறது. அதற்குக் கீழே அது அதிர்வைப் பெருக்கவே செய்யும்.

லேத் பட்டறையில் டயல் கேஜ் வைத்து அளந்தேன். இரண்டு கிலோவை ஒட்டிய இன்ஜின் எடைக்கு அமுக்கத்தை நேரடியாகப் படிக்க முடியாததால், கூடுதல் எடை ஏற்றி, முள் நகர்ந்த அளவை வகுத்துக்கொண்டேன். பி.யூ. புஷ்ஷுக்கு 20 கிலோ ஏற்றியும் முள் 0.1 மி.மீ. மட்டுமே நகர்ந்தது, அதாவது இன்ஜின் எடைக்கு 0.01 மி.மீ. இதன் இயல்பான அதிர்வெண் 158 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 9,500 சுற்று. தடுப்பு தொடங்குவதோ 13,400-க்கு மேல். வளைவில் வேகம் குறைந்து மறுபடி எழும் இடம் முழுவதும் அந்தப் பெருக்கத்துக்குள்ளேயே விழுகிறது. மென்மையான ரப்பர் புஷ்ஷில் 5 கிலோவுக்கே முள் 0.25 மி.மீ. நகர்ந்தது, இன்ஜின் எடைக்கு 0.1 மி.மீ. அதன் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், அதாவது 3,000 சுற்று. அது ஐடிலிங்கை ஒட்டிய வேகம். அங்கே படகு சற்று உதறும், ஆனால் 12,000 சுற்றில் அதிர்வு விசையில் பதினைந்தில் ஒரு பங்குதான் உடலுக்குள் இறங்க வேண்டும். ஓடும்போது ரப்பர் நிலையாக அளந்ததைவிடக் கடினமாக நடந்துகொள்ளும் என்பதால் உண்மைப் பலன் இதைவிடச் சற்றுக் குறையும். ஆயினும் குழாயில் குமிழி நின்றுவிட்டது.

ஆகவே என் தேர்வு ஊடு போல்ட் போகும் ரப்பர் புஷ்தான். இன்ஜின் தாங்கும் அலுமினியத் தகட்டின் துளையில் ரப்பர் புஷ், அதன் நடுவே உலோகக் குழல், மேலும் கீழும் துளையைவிட அகலமான வாஷர். ரப்பர் முழுவதும் கரைந்துபோனாலும் இன்ஜின் கழன்று ஓடாது. குழலின் நீளத்தைத்தான் கவனமாகக் கடைய வேண்டும்: ரப்பரின் உயரம் 12 மி.மீ. என்றால் குழல் 11.5 மி.மீ. இருக்கட்டும். அப்போது போல்ட்டை எவ்வளவு முடுக்கினாலும் ரப்பர் அரை மில்லிமீட்டருக்கு மேல் நசுங்காது. குழலே இல்லாமல் முடுக்குகிறவர் ரப்பரைக் கட்டையாக்கிவிட்டு, மவுண்டிங் பயனில்லை என்கிறார்.

இதன் குறையும் உண்டு, இன்ஜின் அசையும். நான்கு புஷ்களையும் தகடு இடம்கொடுக்கும் வரை அகலமாக வைத்தால் முறுக்கின் சாய்வு குறைகிறது. வளைசாஃப்ட் சுமையில் முறுக்கேறிச் சுருங்குவதால், சாஃப்ட்டின் பின்முனையைத் தாங்கும் பின்தாங்கிக்கும் புரொப்பல்லர் பிடிப்பானுக்கும் நடுவே 3 மி.மீ. அளவுக்கு இடைவெளி விடுவது வழக்கம். மென்மையான மவுண்டிங்கில் இதைத் தவறவிட்டால், சுருங்கும் சாஃப்ட் இன்ஜினையே பின்னுக்கு இழுக்கும். புகைக்குழாயின் பின்முனையையும் ரப்பரில்தான் பிடிக்க வேண்டும், இல்லையேல் அசைவு முழுவதும் இன்ஜினோடு சேரும் வளைகுழாயில் விழுந்து அது விரிசல் காணும்.

ரப்பரில் எது என்பதும் முக்கியம். இயற்கை ரப்பர் அதிர்வுக்கு மிகச் சிறந்தது, ஆனால் படகின் அடியில் தேங்கும் பெட்ரோல்-ஆயில் கலவையில் ஊறி உப்பிவிடும். சிலிக்கோன் சூட்டைத் தாங்கும். பெட்ரோலையும் கிழிசலையும் தாங்காது. நைட்ரைல் ரப்பர் எண்ணெய்க்கு அஞ்சாது. வெயிலில் கிடந்தால்தான் வெடிக்கும், மூடிக்கு அடியில் இருப்பதால் இங்கே அந்தக் கவலை குறைவு. அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் போல்ட் தொடும் இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் வெள்ளையாகப் பொடிந்து அரிக்கப்படும் என்பதால், கிரீஸ் தடவாமல் பூட்டுவதில்லை. ஓட்டி முடித்ததும் நன்னீரில் கழுவாமல் மூடுவதுமில்லை. வாடைக் காலம் முடிந்ததும் நான்கு புஷ்களையும் ஒன்றாகவே மாற்றுகிறேன். நைந்ததை மட்டும் மாற்றினால் அந்த மூலை மட்டும் உயர்ந்து நின்று, சாஃப்ட் கோடு மறுபடி விலகிவிடும்.