போனது பெல்ட், பிரித்தது இன்ஜினை

சிங்கப்பூரில் கிராஞ்சி, லிம் சூ காங் பக்கம் பண்ணையிலோ நர்சரியிலோ யூடிவி (பண்ணைக்குள் பாரம் ஏற்றும் சிறு வண்டி) வைத்திருப்பவர்கள் இதைத் தயவுசெய்து படியுங்கள். எனக்கு 3,400 வெள்ளி போனது.

எங்கள் நர்சரியில் மண் மூட்டை ஏற்ற ஒரு பழைய யூடிவி இருக்கிறது. டிசம்பர் மழையில் அது மேடு ஏறத் திணறியது. மிதித்தால் இன்ஜின் அலறும், ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) சரசரவென்று ஏறும், வண்டி மட்டும் ஆள் நடக்கிற வேகத்தில் ஊரும். ரப்பர் கருகும் வாடை வேறு. பதிவில்லாத வண்டி, சாலையில் ஓட்டக் கூடாது. லாரியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். கூடப் போகாமல் இருந்துவிட்டேன்.

மறுநாளே போன். "பாஸ், பிஸ்டன் ரிங் போயிடுச்சு. இன்ஜினைப் பிரிக்கணும்." நம்பிச் சரி என்றேன். மூன்று வாரம் கழித்து வண்டி வந்தது. அடுத்த மழைக்கே அதே அலறல், அதே வாடை. கேட்டால், "புது ரிங், செட் ஆக நாளாகும்" என்றார்கள்.

எக்ஸ்கவேட்டர் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தார். இன்ஜின் பக்கமே போகவில்லை. நேராக சிவிடி மூடியைக் கழற்றினார். இன்ஜின் பலத்தை பெல்ட் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகம் அது. உள்ளே கறுப்புத் தூள், அடியில் தண்ணீர். மூடியின் சீல் கிழிந்திருந்தது. பெல்ட்டின் இரண்டு ஓரமும் தேய்ந்து மினுமினுத்தன. "தம்பி, வேகம் கூடாம ஆர்பிஎம் மட்டும் ஏறுதுன்னா இன்ஜின்ல பலம் இருக்கு, அது சக்கரத்துக்குப் போய்ச் சேரல. முதல்ல பெல்ட்டப் பாக்கணும், அப்புறம் கிளட்ச்" என்றார். புது பெல்ட்டும் சீலும் 260 வெள்ளி. அன்று மாலையே முழுப் பாரத்தோடு மேடு ஏறியது.

ரிங் தேய்ந்தால் பெரும்பாலும் நீலப் புகை வரும், ஆயில் குறைந்துகொண்டே போகும். எங்கள் வண்டியில் இரண்டும் இல்லை. சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் சோதனை, எடுக்க வேண்டும். எண் குறைவாக வந்தால், பிளக் துவாரம் வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். இப்போது எண் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கேஸ்கட்டோ. என் பில்லில் அப்படி ஓர் எண்ணே இல்லை. கழற்றிய ரிங்கைக் காட்டச் சொன்னேன், தூக்கிப் போட்டுவிட்டார்களாம். பணத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை.

எங்கள் பக்கமும் தவறு உண்டு. கனமான பாரத்தோடு ஹை கியரிலேயே ஓட்டினோம். பெல்ட் வழுக்கிச் சூடேற அதுவும் காரணம். இப்போது பாரம் ஏற்றினால் லோ கியர்தான் என்று வேலை செய்யும் தம்பிகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கம்ப்ரஷன் எண்ணை எழுதி வாங்குங்கள். கழற்றும் பாகமெல்லாம் கைக்கு வர வேண்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். முடிந்தால் பக்கத்தில் நில்லுங்கள்.

சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரிப்யூனலில் 20,000 வெள்ளி வரையிலான வழக்கை 2 ஆண்டுக்குள் போடலாம். நான் போடப்போகிறேன். பில்லும் அந்தப் பழைய பெல்ட்டும் பத்திரமாக இருக்கின்றன.