சீன அரச மரபுச் சுவர்ப்படத் தொகுதி: வாங்கலாம், நிறங்களைத் திருத்திவிட்டு மாட்டுங்கள்

ஷாங் அரசு ஏன் வீழ்ந்தது? ச்சின் பேரரசன் ஏன் கறுப்பைத் தேர்ந்தான்? ஹான் அரசை எதிர்த்தவர்கள் தலையில் ஏன் மஞ்சள் துணி கட்டினார்கள்? இந்த மூன்றுக்கும் தமிழில் ஒரே இடத்தில் விடை தர முயலும் தொகுதி இது. லெமினேட் செய்த நான்கடிச் சுவர்ப்படம், 48 பக்கக் கைந்நூல், வகுப்பில் பங்கிட்டுக் கொடுக்க 24 சகுன அட்டைகள். ஹட்டன், பண்டாரவளைப் புத்தகக்கடைகளில் கிடைக்கிறது. உயர்தர வரலாறு படிப்பவர்களுக்கும் தோட்டத்து வாசிகசாலைகளுக்கும் ஏற்றது என்று உறையில் போட்டிருக்கிறார்கள். அது சரிதான், சில திருத்தங்களைச் செய்துகொண்டால்.

தொகுதியின் உயிர் ஜோவ் மரபைப் பற்றிய பகுதியில் இருக்கிறது. கி.மு. 1046 என்று இன்று பெரிதும் ஏற்கப்படும் ஆண்டில், மூயே களத்தில் ஷாங் மரபின் கடைசி அரசன் தி ஷின் தோற்றான். வென்ற ஜோவ் குடியினர் அதற்குச் சொன்ன விளக்கம்தான் வானாணை: அரசனை அமர்த்துவது வானம், அவன் நெறி தவறினால் ஆணையைப் பறித்து வேறு குடிக்குக் கொடுப்பதும் வானம். இந்த விளக்கம் எப்படி வளர்ந்தது என்பதைக் காட்ட மூன்று வெண்கலப் பாத்திரங்களை ஒரே வரிசையில் வைத்திருக்கிறார்கள். லி குய் 1976இல் கிடைத்தது. அறுபது நாள் வட்டத்தின் முதல் நாள் காலையில் ஷாங் வெல்லப்பட்டது என்று மட்டும் அதன் வாசகம் சொல்கிறது. ஆணையைப் பற்றிப் பேச்சே இல்லை. 1963இல் கிடைத்த ஹ சுன், செங் அரசனின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அவனுடைய பாட்டனார் வென் அரசன் பேராணையைப் பெற்றார் என்கிறது அது. அடுத்த தலைமுறையான காங் அரசன் காலத்துத் தா யூ திங்கோ காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது: ஷாங் அதிகாரிகள் மதுவில் மூழ்கியதால் ஆணை நழுவியது. முதலில் போர்ச் செய்தி, பிறகு உரிமை, பிறகு காரணம். தமிழில் வந்த பள்ளிக் குறிப்புகள் இதை இவ்வளவு தெளிவாகக் காட்டுவது அரிது. இந்த ஒரு வரிசைக்காகவே படத்தை வாங்கலாம்.

ஷாங் காலத்துச் சோதிட எலும்புகளையும் அதன் மேலேயே போட்டிருப்பது நல்ல யோசனை. மழை, பகை, விளைச்சல் பற்றி ‘தி’ என்ற பெருந்தெய்வத்திடமும் முன்னோரிடமும் ஷாங் அரசர்கள் கேட்ட கேள்விகள் அவற்றில் இருக்கின்றன. தன் முன்னோர் தன் குடியைக் காப்பர் என்ற நம்பிக்கையிலிருந்து, எந்தக் குடியையும் வானம் நிரந்தரமாகக் காக்காது என்ற எண்ணத்துக்கு ஒரு நாடு நகர்ந்ததை மாணவர் கண்ணால் பார்க்கிறார்கள். கன்பூசிய அறிஞர் மென்சியஸ் பின்னாளில் அந்த எண்ணத்தின் கடைசி எல்லைக்கே போனார்: தி ஷின் கொல்லப்பட்டது அரசக் கொலை ஆகாது, நெறியை அழித்த ஒரு தனியாள் கொல்லப்பட்டதே என்றார்.

கைந்நூல் இந்தப் பாடத்தை 559ஆம் குறளில் தொடங்குகிறது: “முறைகோடி மன்னவன் செய்யின் உறைகோடி ஒல்லாது வானம் பெயல்.” பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்தில் தொடங்குவதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் ஒப்புமை எங்கே முடிகிறது என்று நூல் சொல்லாமல் விட்டுவிட்டது. குறளில் வானம் மழையை மறுக்கிறது, அதோடு சரி. அரசுரிமையை எடுத்து இன்னொரு குடியிடம் கொடுப்பதில்லை. இதை ஆசிரியர் வாய்ச்சொல்லாகச் சேர்க்காவிட்டால் பரீட்சைத் தாளில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இனி நிறங்கள். இங்கேதான் படம் சறுக்குகிறது. மண், மரம், உலோகம், நெருப்பு, நீர் என்ற ஐம்பூதங்களில் ஒன்று ஒவ்வொரு மரபையும் ஆள்கிறது, அடுத்து வருவது அதை வெல்லும் பூதம் என்பது கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ட்சோவ் யென் என்ற அறிஞர் வகுத்த முறை. ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு நிறம் உண்டு: மண்ணுக்கு மஞ்சள், நெருப்புக்குச் சிவப்பு, நீருக்குக் கறுப்பு. தொன்மக் கதைகளின் மஞ்சள் பேரரசனுடைய மண்ணை, ஷாங்குக்கு முந்திய ஷியா மரபின் மரம் வென்றது. மரத்தை ஷாங்கின் உலோகம். உலோகத்தை ஜோவின் நெருப்பு. நெருப்பை வெல்வது நீர். அதனால் கி.மு. 221இல் நாட்டை ஒன்றாக்கிய ச்சின் பேரரசன் நீரை ஏற்றான்: கறுப்பு உடை, ஆறு என்ற எண், ஆறு குதிரை பூட்டிய வண்டி, பத்தாம் மாதத்தில் ஆண்டுப்பிறப்பு. படத்தில் இதுவரை எல்லாம் சரி.

அடுத்து ஹான் முழுவதையும் சிவப்பாக்கிவிட்டார்கள். அந்த மரபை நிறுவியவனின் கொடி சிவப்பு என்ற செய்தி ‘ஷீ ஜி’ என்ற பழைய சீன வரலாற்று நூலில் இருக்கிறது, தயாரித்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் ஹான் அரசு முதலில் ச்சின்னின் நீரையே தொடர்ந்தது. கி.மு. 104இல் வூ பேரரசன் மண்ணுக்கும் மஞ்சளுக்கும் மாறினான். நெருப்பும் சிவப்பும் அரச முறையாக நிலைபெற்றது கி.பி. 26இல்தான். நடுவில், ஹான் அரியணையைப் பறித்த வாங் மாங் (கி.பி. 9–23) வந்து கணக்கின் அடிப்படையையே மாற்றியிருந்தான். வெல்லும் வரிசையைக் கைவிட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கும் வரிசையை எடுத்தான்: மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். ஹான் நெருப்பு என்றால் அதிலிருந்து இயல்பாகப் பிறந்த மண் தான் என்பது அவன் வாதம். அரண்மனைக்குள்ளேயே அரியணையை எடுத்துக்கொண்டவனுக்கு வெற்றியை விடப் பிறப்பே பொருத்தமான மொழி. 184இல் கிளர்ந்தவர்கள் மஞ்சள் கட்டியதும், 220இல் ஹானுக்குப் பதிலாக வந்த வெய் அரசு தன் முதல் ஆட்சிப் பெயரை ‘மஞ்சள் தொடக்கம்’ என்று வைத்ததும் இந்த இரண்டாம் வரிசைப்படிதான். படமோ கடைசி வரை ஒரே வகை அம்புக்குறியைப் போட்டு, மண் நெருப்பை ‘வென்றது’ என்கிறது. பழைய முறையில் அப்படி ஒரு வெற்றியே கிடையாது.

திருத்துவது எளிது. ஹான் பட்டையின் மேல் கி.மு. 104 வரை கறுப்பு, அங்கிருந்து கி.பி. 9 வரை மஞ்சள் என இரண்டு கடதாசித் துண்டுகளை ஒட்டுங்கள். 26 முதல் 220 வரை உள்ள சிவப்பு அப்படியே இருக்கட்டும். வாங் மாங் முதல் வரும் அம்புகளை அழியாத பேனாவால் புள்ளிக்கோடாக்கி, ‘பிறக்கிறது’ என்று எழுதுங்கள். லெமினேட்டின் மேல் கோந்து பிடிக்காது, இரண்டு நாளில் உரிந்துவிடும். இருபக்க டேப் வேண்டும்.

சகுன அட்டைகளிலும் ஒரு குறை. நிகழ்ந்த ஆண்டு இருக்கிறது, அது எப்போது எழுதப்பட்டது என்பது இல்லை. கி.மு. 1059 மே மாதம் ஐந்து கோள்கள் வானில் நெருங்கி நின்றதைக் கணக்கிட்டே காட்டலாம். ஆனால் ஜோவ் குடியின் பலிபீடத்தில் ஆணையைக் கொண்டுவந்து வைத்த சிவப்புப் பறவை, பல நூற்றாண்டு பிந்திய நூல்களில்தான் தெரியவருகிறது. கி.மு. 780இன் நிலநடுக்கத்தைப் பார்த்து, ஜோவ் அரசவையின் போ யாங்ஃபு என்பவர் பத்தாண்டுக்குள் அரசு அழியும் என்றதாகச் சொல்லும் நூல், கி.மு. 771இல் மேற்கு ஜோவ் வீழ்ந்து நெடுங்காலம் கழித்துத் தொகுக்கப்பட்டது. வாங் மாங் பேரரசனாக வேண்டும் என்ற சிவப்பு எழுத்தோடு கிணற்றில் கிடைத்த வெள்ளைக் கல்லோ அவன் ஏறுமுகத்தில் இருந்தபோதே வந்தது. யாருக்காகக் கிடைத்தது என்று கேட்க வேண்டிய கல் அது. இந்த வேறுபாடு தெரியாமல் அட்டைகளைக் கொடுத்தால் வகுப்பு வரலாற்றை விட்டுச் சோதிடத்துக்குப் போய்விடும். அட்டையின் பின்புறம் எழுதப்பட்ட காலத்தைக் குறித்துவிட்டு, ‘அன்றே பதிந்தது’, ‘பின்னர் எழுதியது’, ‘தேவைக்காக உண்டாக்கியது’ என்று மூன்று குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். 40 நிமிடப் பாடவேளைக்கு எட்டு அட்டைகள் போதும்.

மாட்டும் விதம்: நுவரெலியாப் பக்கத்து ஈரச் சுவரில் நேரே ஒட்டாதீர்கள். லெமினேட்டின் ஓரம் பிரிந்து மூடுபனியின் ஈரம் உள்ளே போனால் கடதாசி அலையலையாக வளைந்துவிடும். நான்கு ஓரத்தையும் தெளிவான டேப்பால் மடித்து மூடி, மேலும் கீழும் மரச்சட்டம் கொடுத்துத் தொங்கவிடுங்கள்.

படம் 220இல் நிற்பதால் காலிக் கல்வெட்டுக்கு அதில் இடமில்லை. ஆனாலும் ஆசிரியர்கள் அதைச் சேர்த்துக்கொள்வது நல்லது. மிங் பேரரசனின் பெயரால் 1409 என்று தேதியிட்டு, சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் வெட்டிய கல் அது. 1911இல் காலியில் கிடைத்தது, இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கும் தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. வானத்தின் மகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன் கடல் கடந்து நம் தெய்வங்களுக்கும் மரியாதை அனுப்பிய சான்று தமிழிலேயே இருக்கும்போது அதைக் காட்டாமல் விடக்கூடாது.

கைந்நூலைத் தனியாகவும் விற்கிறார்கள். அதை மட்டும் வாங்க வேண்டாம். வெண்கலப் பாத்திரங்களின் வரிசை படத்தில்தான் இருக்கிறது.