கத்திரி வெயிலில் 200 மணி நேரம்

"மே மாசத்துல வேலூருக்கு யாராவது வருவாங்களாடி?" என்று அம்மா போனிலேயே சிரித்துவிட்டாள்.

நியாயமான கேள்விதான். மே 4 வாக்கில் கத்திரி பிறந்துவிடும். அந்த நாட்களில் எங்கள் ஊரில் 40 டிகிரியைத் தாண்டுவதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஆனால் டொராண்டோ அலுவலகத்தில் சேர்ந்தாற்போல ஏழு வாரம் லீவு கிடைத்தது அப்போதுதான்.

வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நாங்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்துச் சமூகக்கூடத்தில் வாரம் ஒரு நாள் தமிழ் முதியவர்கள் கூடுவார்கள். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள், நடுவில் எங்களைப் போல் நாலைந்து பேர். அவர்களுக்குத் தமிழிலேயே யோகா சொல்லித்தர ஆள் வேண்டும் என்றார்கள். பதினைந்து வருஷமாகச் செய்கிறேன், நானே வருகிறேன் என்றேன். செய்வது வேறு, சொல்லித்தருவது வேறு, 200 மணி நேரப் பயிற்சிச் சான்றிதழ் கொண்டுவாருங்கள் என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அங்கே அந்தப் படிப்புக்குக் கேட்ட பணத்தில் ஊருக்கே டிக்கெட் எடுத்துவிடலாம் போலிருந்தது. சரி, அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று கிளம்பிவிட்டேன்.

இந்த 200 மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பலருக்கும் குழப்பம். எனக்கும் இருந்தது. யோகா அலையன்ஸ் என்று அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது. அது அரசாங்க அமைப்பு அல்ல, யாருக்கும் பரீட்சை வைப்பதும் இல்லை. பயிற்சிப் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் பதிவு செய்துகொள்ளும் பட்டியல், அவ்வளவுதான். ஆனால் உலகம் முழுக்க அது சொல்லும் கணக்குதான் நடக்கிறது: ஆசனம், பிராணாயாமம், தியானம் 75 மணி, உடற்கூறு 30, தத்துவமும் வரலாறும் 30, கற்பிக்கும் முறை 50, மீதி பள்ளியின் விருப்பம். நம் ஊரில் ஆயுஷ் அமைச்சகத்தின் கீழ் 2018இல் யோகா சான்றளிப்பு வாரியம் வந்தது. அது படிப்பு நடத்துவதில்லை, பரீட்சை வைத்துத் தேறியவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிறது. யோகா நெறிமுறைப் பயிற்றுநர் என்பது அதன் தொடக்கப் படிகளில் ஒன்று. ஒன்று படித்த நேரத்தைப் பார்க்கிறது, மற்றது தேர்வைப் பார்க்கிறது. நீங்கள் போய் வேலை கேட்கும் இடம் எதைக் கேட்கிறது என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கியிருந்தேன், அதனால் தப்பித்தேன்.

முழுக்கத் தப்பித்தேன் என்றும் சொல்ல முடியாது. இணையத்தில் பார்த்துப் புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் ஓரிடத்துக்கு டொராண்டோவிலிருந்தே 5,000 ரூபாய் முன்பணம் அனுப்பியிருந்தேன். ஏசி அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி, வாசலில் புத்தர் தலை. மொத்தம் 35,000 ரூபாய், பத்து நாளில் சான்றிதழ். பத்து நாளில் 200 மணி என்றால் தினம் இருபது மணி நேரம் ஆகுமே என்று கேட்டேன். வரவேற்பில் இருந்த பையன் சிரிக்காமல் பதில் சொன்னான்: "மீதி நீங்க வீட்ல பண்ணிக்கலாம் மேடம். சர்டிபிகேட்ல 200ன்னுதான் இருக்கும்." முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அது சீட்டுப் பிடித்து வைத்த கட்டணம், திரும்பாது என்றார்கள். ரசீதும் இல்லை. கண்ணாடிக்கும் புத்தருக்கும் என் பங்கு என்று நினைத்துக்கொண்டு இறங்கி வந்தேன்.

ஒரு மாதத்தில் ஆசிரியர் ஆகிவிடலாம் என்பதே ரொம்பப் பழைய வழக்கம் ஒன்றும் இல்லை. பாய்க்குப் பேர் போன பத்தமடையில் 1887இல் பிறந்து, மலாயாவில் டாக்டராக இருந்துவிட்டு ரிஷிகேஷ் போன சிவானந்தரின் சீடர் விஷ்ணுதேவானந்தர், 1969இல் மேல்நாட்டில் ஆசிரியர் பயிற்சி என்று ஒன்றைத் தொடங்கினார். நான்கு வாரப் படிப்பு பரவலானது அதற்குப் பிறகுதான். நான்கு வாரமாவது இருந்தது. அதைப் பத்து நாளாக்கியது நம் ஆட்களின் சாமர்த்தியம்.

அப்புறம் கிடைத்த இடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரம். சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பக்கம், ஒரு வீட்டின் மாடி. அரசுப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர் நடத்துகிறார். கட்டணம் 18,000, இரண்டு தவணை, இரண்டுக்கும் கார்பன் வைத்த ரசீது. காலை 5:30 முதல் 8 வரை, மாலை 5 முதல் 7:30 வரை, ஞாயிறு விடுமுறை. நாளுக்கு ஐந்து மணி என்று 40 நாள். ஒரு நாள் வராவிட்டால் அடுத்த குழுவோடு சேர்ந்து அந்த ஐந்து மணியை முடிக்க வேண்டும். நோட்டில் கையெழுத்து, நேரத்தோடு. அந்த நோட்டைப் பார்த்ததும்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

வசதி என்று பார்த்தால் குறைகள் உண்டு. மேலே தகரக் கூரை. மாலை ஐந்து மணிக்கும் அது அடுப்பு மாதிரி அனல் விடும். ஒரே ஒரு கழிவறை, அதுவும் கீழே வீட்டுக்காரர்களோடது. மின்சாரம் போனால் இன்வர்ட்டர் கிடையாது. ரப்பர் மேட் கொண்டுபோயிருந்தேன், முதல் நாளே வேர்வையில் கை வழுக்கி முகம் தரையில் இடித்தது. மற்ற ஆறு பேரும் ஜமுக்காளம்தான். மறுநாள் அம்மா பீரோவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். என் தங்கை கல்யாணத்துக்கு வாங்கியதாம்.

சனிக்கிழமை உடற்கூறு வகுப்பு. பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வருவார். இரண்டாவது சனிக்கிழமை அவர் கையில் எவர்சில்வர் டப்பா. திறந்தால் ஆட்டு முழங்கால், கசாப்புக் கடையில் மூட்டு உடையாமல் வெட்டி வாங்கி வந்தது. சுத்த சைவமான மாஸ்டர், "நான் கீழ இருக்கேன்" என்று இறங்கிப் போய்விட்டார். அந்த மூட்டை மடக்கியும் நீட்டியும் காட்டினார் பிசியோ. சுலபமாகப் போய் வந்தது. பிறகு மடக்கிய நிலையிலேயே பக்கவாட்டில் முறுக்கச் சொன்னார். கொஞ்சம்தான் போனது, அப்புறம் நரநரவென்று நின்றது. "பத்மாசனத்துல கால் திரும்ப வேண்டியது இடுப்பு மூட்டுல. அது திரும்பலன்னா, நீங்க தர்ற முறுக்கு அத்தனையும் இங்க வந்து உட்காரும்" என்று உள்ளே பிறை போல இருந்த குருத்தெலும்பைத் தொட்டுக் காட்டினார். பதினைந்து வருஷமாக என் காலை நான் என்ன பாடு படுத்தியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ராணிப்பேட்டையிலிருந்து வந்துபோகும் அக்கா ஒருவர், முடிந்ததும் டப்பாவை எட்டிப் பார்த்து, "சூப்புக்காவது ஆவுமா சார்?" என்றார்.

தத்துவ வகுப்பு வேகமாகப் போய்விட்டது. பதஞ்சலியின் 196 சூத்திரங்களில் ஆசனத்துக்கென்று இருப்பவை மூன்றுதான் என்பது எனக்குப் புதுச் செய்தி. மற்றபடி உரையைப் படித்து ஒப்பித்தோம்.

உண்மையான படிப்பு நாலாவது வாரத்தில் ஆரம்பித்தது. காலை ஆறரைக்குத் தெருப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் வருவார்கள், இலவசம். அவர்களுக்கு நாங்கள் முறை வைத்துப் பாடம் நடத்த வேண்டும். மாஸ்டர் ஒரு பேச்சும் பேசாமல் மூலையில் உட்கார்ந்திருப்பார். என் முறை வந்தது. தாடாசனம். நான் பாட்டுக்கு, "இன்ஹேல்... கைய மேல தூக்குங்க" என்றேன். முன்வரிசையில் இருந்த பாட்டி கையைத் தூக்கவில்லை.

"எனுக்கு வீசிங்கு கீசிங்கு ஒண்ணும் இல்லியேம்மா. இன்ஹேலரு எதுக்கு?"

கூட்டமே சிரித்தது. நானும்தான். அடுத்து, "மூச்சை உள்ளே இழுங்க" என்று மாற்றினேன். பன்னிரண்டு பேரும் தோளைக் காதுவரை ஏற்றி, கிணற்றில் தண்ணீர் சேந்துவதுபோல் இழுத்தார்கள். ஒரு தாத்தாவுக்கு இருமலே வந்துவிட்டது.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் கேட்டார்: "இழுன்னு சொன்னா இழுக்கத்தானே செய்வாங்க? மூச்சு வரட்டும்னு சொல்லிப் பாரும்மா." மறுநாள் சொல்லிப் பார்த்தேன். மூச்சு உள்ளே வரட்டும், கை அது கூடவே மேலே போகட்டும். ஒரு தோளும் ஏறவில்லை. ஒரு வினைச்சொல்லை மாற்றியதற்கு இத்தனை பலனா என்று எனக்கு நம்பவே முடியவில்லை. டொராண்டோவில் எத்தனையோ வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன், இதை எங்கே கற்றிருப்பேன்?

இன்னொன்று, வலது இடது. எதிரே நிற்கும் ஆசிரியர் 'வலது கை' என்று சொல்லிக்கொண்டே தன் இடது கையைத் தூக்க வேண்டும், கண்ணாடி மாதிரி. கேட்கச் சுலபம். நான் ஒரு வாரம் திணறினேன். இடது மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுற்றி, "ரப்பர்னா வலது" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே திரிகோணாசனம் நடத்தினேன். அது பழகியதும் மாஸ்டர் என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். செய்து காட்டக் கூடாது, வாயால் மட்டும் சொல்ல வேண்டும். ஆசனத்தை அழகாகச் செய்துவிடுகிற எனக்கு அது பெரிய அடி. சொல்ல என்னிடம் வார்த்தையே இல்லை.

வகுப்பு தொடங்குமுன் மாஸ்டர் எல்லோரிடமும் கேட்பது ஒன்றே: "மாத்திரை போட்டாச்சா, ஏதாவது சாப்பிட்டீங்களா?" பிரஷர் இருப்பவர்களுக்கு, மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி கிடையாது, கண் நீர் அழுத்தம் இருப்பவர்கள் தலையைக் கீழே தொங்கப்போடக் கூடாது. சர்க்கரைக்காரர்கள் மடியில் கல்கண்டுப் பொட்டலம். வெயிலுக்குச் சீதளி சொல்லித்தந்தார். நாக்கைக் குழலாகச் சுருட்ட வராதவர்களுக்குப் பல்லிடுக்கில் காற்று வாங்கும் சீத்காரி. எனக்கு நாக்கு சுருளாது. பாட்டிக்குச் சுருளும், அதில் அவருக்குப் பெருமை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு கோட்டைக்குப் போய்விடுவேன். கோட்டைக்குள் இருக்கும் சிவன் கோயிலைச் சொல்லி, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைக் கேலி பேசிய காலம் போய், 1981இல் ஜலகண்டேஸ்வரரைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். அதுவரை சாமி இருந்தது எங்கள் சத்துவாச்சாரியில்தான் என்பதை அம்மா ஒவ்வொரு முறையும் எனக்குப் புதிதாகச் சொல்வாள்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு விஷயம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் விசா பற்றிக் கவலை இல்லை. அது இல்லாத பிள்ளைகளை அழைத்து வந்தால், இ-டூரிஸ்ட் விசாவிலேயே குறுகிய கால யோகா வகுப்புக்கு இடம் உண்டு. அடுத்தது பெயர். என் சான்றிதழில் அழகாக இனிஷியல் போட்டு அச்சடித்துவிட்டார்கள். கனடாக் கடவுச்சீட்டிலோ அப்பா பெயர் முழுசாகக் குடும்பப் பெயராக இருக்கிறது. விமானம் ஏற மூன்று நாள் இருக்கும்போது கவனித்து, காந்தி ரோடு அச்சகத்துக்கு ஆட்டோவில் ஓடினேன். முதல் நாளே கடவுச்சீட்டு நகலைக் கொடுத்துவிடுங்கள்.

வாரியத் தேர்வு எழுத இந்தத் தடவை நேரம் இல்லை. அடுத்த பயணத்தில் பார்க்க வேண்டும்.

ஜூன் 21, சர்வதேச யோகா தினம். பக்கத்துப் பள்ளி மைதானத்தில் அரசு வகுத்த 45 நிமிட நெறிமுறை. முன்னால் மைக்கில் ஒருவர் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். பின்வரிசையில் எங்கள் பன்னிரண்டு பேரையும் நான் பார்த்துக்கொண்டேன். மைக் மூன்று சொல்லும்போது நாங்கள் ஒன்றில் இருந்தோம், பரவாயில்லை. முடிந்ததும் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்: "நீ போயிட்டா எனுக்கு யாரு இப்டி நிதானமா எண்ணுவாங்க? போன்ல பேசிக் குடுத்துட்டுப் போம்மா."

அன்று இரவே அம்மா வீட்டு நடு அறையில் உட்கார்ந்து இருபது நிமிடம் பதிவு செய்தேன். பாட்டியின் பேரன் போனுக்கு ஒன்று அனுப்பினேன், ஸ்கார்பரோ குழுவுக்கு ஒன்று. திரும்பப் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது, அம்மா அடுப்படியில் பருப்பு வைத்திருக்கிறாள். நான் ஆறு எண்ணும் இடத்தில் சரியாக ஒரு விசில். மறுபடி பதிவு செய்யச் சோம்பல், அப்படியே விட்டுவிட்டேன்.

இப்போது ஸ்கார்பரோவில் சவாசனத்தில் அந்தப் பதிவைத்தான் போடுகிறேன். போன வாரம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, அந்த விசில் அடிக்கேக்கைதானே நாங்கள் மூச்சை விடவேணும்?"