மந்தைவெளியில் பேப்பருக்குள் நோட்டீஸ் வைத்துத் தரும் ஏஜெண்ட்: ஐந்து மாத அனுபவம்

மயிலாப்பூர், மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம் பக்கம் சின்னதாகத் தொழில் ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஒரு மெஸ்ஸுக்கு மார்க்கெட்டிங் பார்க்கிறேன். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு மதியச் சாப்பாடு கேரியரில் போகும், காரம் கம்மி, மாதச் சந்தா. விளம்பரத்துக்கென்று இருப்பது கொஞ்சம் பணம்தான், அதை எங்கே போடுவது என்பதில்தான் ஒரு வருடம் போனது.

முதலில் ஃபேஸ்புக்கில் போட்டோம். போன் நிறைய வந்தது, ஆனால் பெங்களூரிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் பிள்ளைகள் கூப்பிடுவார்கள், எல்லாம் விவரமாகக் கேட்டுவிட்டு "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைப்பார்கள், அம்மா வேண்டாம் என்றுவிடுவார். சாப்பிடப் போகிறவர் கையில் எங்கள் நம்பர் இல்லை, அதுதான் பிரச்சினை. எஸ்எம்எஸ் அனுப்பலாமா என்று பார்த்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-ல் கொண்டுவந்த விதிப்படி நிறுவனத்தைப் பதிவு செய்து, அனுப்பும் பெயருக்கும் வாசகத்துக்கும் தனித்தனியாக ஒப்புதல் வாங்க வேண்டும், அதற்கு மேல் 1909 என்ற எண்ணில் விளம்பரம் வேண்டாம் என்று பதிந்தவர்களுக்கு அனுப்பவும் கூடாது. பேனர் பேச்சையே எங்கள் முதலாளி அம்மா எடுக்க விடவில்லை. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன பெண் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்ததை அவர் மறக்கவே இல்லை. அவர் சொல்வது சரி.

அப்புறம்தான் நோட்டீஸ். முதல் தடவை வீடு வீடாகப் போடுவதாகச் சொன்ன ஒருவரிடம் 4,000 நோட்டீஸ் கொடுத்தோம். ஒரே ஒரு போன்கூட வரவில்லை. பத்து நாள் கழித்து ஒரு பழைய பேப்பர் கடையில் எடைத் தராசுக்குப் பக்கத்தில் எங்கள் கட்டு, நூல்கூடப் பிரிக்காமல் கிடந்ததை நானே பார்த்தேன். அன்றைக்கு வந்த கோபத்தில்தான் பேப்பர் ஏஜெண்டையே நேரில் தேடிப் போனேன்.

அவர் முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறார். விடிகாலை நாலு மணிக்கு ஒரு பூட்டிய கடை வாசலில், தெருவிளக்கு வெளிச்சத்தில் பேப்பர் கட்டுகள் இறங்கும். பையன்கள் வரிசையாக உட்கார்ந்து இணைப்பைப் பிரித்து நோட்டீஸைச் செருகி மடிப்பார்கள், கண் மூடித் திறப்பதற்குள் ஒன்று முடிந்துவிடும். நான் கொண்டுபோன நோட்டீஸைக் கையில் வாங்கியதுமே, "தம்பி, இது ஆர்ட் பேப்பரு, வழுக்கும். பையன் ரெண்டாவது மாடிக்கு வீசுறப்ப பேப்பர் மேல போவும், உங்க நோட்டீஸு கீழ விழும்" என்றார். அங்கேயே வீசியும் காட்டினார். அப்படியேதான் விழுந்தது. திருவல்லிக்கேணியில் எங்களுக்கு அச்சடித்துக் கொடுத்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை, பளபளப்பாக இருந்தால் மதிப்பு என்று நானும் நம்பியிருந்தேன்.

சரி என்று 70 ஜிஎஸ்எம் கனத்தில், மேப்லித்தோ என்கிற பளபளப்பில்லாத சாதாத் தாளில், ஏ5 அளவில், ஒரே கலரில், ஒரு பக்கம் மட்டும் அடித்தோம். செலவு பாதிக்கும் கீழே வந்தது. ஒரு பையன் பேப்பர் போடும் தெருக்களை ஒரு லைன் என்பார்கள், எங்களுக்கு மூன்று லைன். மூன்றுக்கும் மூன்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து, மூலையில் சாம்பார், ரசம், மோர் என்று குத்தினோம், கூப்பிடும்போது அந்த வார்த்தையைச் சொன்னால் முதல் நாள் பாயசம் உண்டு. எந்தத் தெருவிலிருந்து போன் வருகிறது என்பது அப்படித்தான் தெரிந்தது. 4,000 நோட்டீஸுக்கு 43 போன், அதில் 14 பேர் மாதச் சந்தா கட்டினார்கள். கூப்பிட்டவர்களில் பெரும்பாலோர் சாப்பிடப் போகிறவர்களே. "ரசம்" லைனில் மட்டும் 26.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நோட்டீஸ் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு பாட்டி மெஸ்ஸுக்கே வந்தார். சுருக்குப் பையிலிருந்து எங்கள் நோட்டீஸை எட்டாக மடித்தபடி எடுத்தார். பின்பக்கம் முழுக்க பால் கணக்கு, தேதி வாரியாக, பால்பாயின்ட் பேனாவில். கணக்கு எழுத வைத்திருந்த தாள் என்பதால்தான் அது இரண்டு மாதம் அந்த வீட்டில் இருந்திருக்கிறது, திருப்பிப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் நம்பர் கண்ணில் பட்டிருக்கிறது. முன்பு அடித்த ஆர்ட் பேப்பராக இருந்திருந்தால் பேனா மை ஈஷியிருக்கும், இரண்டு பக்கமும் படமாக வேறு இருந்தது, எழுத இடமே கிடையாது. பின்பக்கத்தைக் காலியாக விடுவது காசை வீணாக்குவது என்று நான்தான் ஆறு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏஜெண்டிடம் குறைகளும் உண்டு. பில் கிடையாது, ஜிபேயில் அனுப்பும் குறிப்புதான் கணக்கு. காலை பத்து மணிக்கு மேல் போனை எடுக்க மாட்டார், தூங்கப் போய்விடுவார், சாயங்காலம்தான் பிடிக்க முடியும். ஒருமுறை பையன் வராததால் ஒரு லைன் முழுக்க நோட்டீஸ் இல்லாமல் போய்விட்டது. அதை நான் கண்டுபிடிக்கவில்லை, அவரே கூப்பிட்டுச் சொன்னார், மறுநாள் வைத்தார், அந்த லைனுக்குப் பணம் வாங்கவில்லை. முதல் ஆளிடம் நான் பட்டதற்கு இது எனக்குப் பெரிய விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், நகைக்கடை, மனை விற்பனை என்று ஏகப்பட்ட நோட்டீஸ் அன்றைக்குத்தான் வரும், எல்லாம் ஒன்றாகக் குப்பைக்குப் போகும். ஆடித் தள்ளுபடிக் காலமும் அப்படியே. எங்களுக்குப் புதன்கிழமைதான் நன்றாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பேப்பரைக் கவரில் போட்டு வீசினாலும் உள்ளே நனைந்து நோட்டீஸ் ஒட்டிக்கொள்கிறது, அதனால் அந்த இரண்டு மாதம் நிறுத்தி வைத்தோம். எத்தனை அடிப்பது என்று முடிவு செய்யும் முன் எந்த லைனில் எத்தனை பேப்பர் என்று அவரிடமே கேளுங்கள், உள்ளதைச் சொல்கிறார். எனக்கு 4,000 போதும் என்றவர் அவர்தான், நான் 6,000 அடிக்கப் பார்த்தேன். முடிந்தால் முதல் நாள் நாலு மணிக்கு நீங்களும் போய் நில்லுங்கள், அவர் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, டீ வாங்கித் தருகிறார்.

அடுத்த கட்டு பொங்கல் முடிந்ததும் போகிறது. நம்பரை இன்னும் பெரிதாக்கியிருக்கிறோம், கதவு எண்ணுக்குப் பதிலாக எந்தக் கோயிலுக்கு எதிரே என்று போட்டிருக்கிறோம். பின்பக்கத்தில் இந்த முறை மங்கலாக 31 கோடு, பக்கத்தில் தேதி மட்டும். அச்சகத்தில் வேறு எதுவும் வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.